ஹ்லெஸ்தகோவ் யாரையும் ஏமாற்றவில்லை: கோகலின் நாடகத்தைக் குமரி மாவட்டத்தில் பார்ப்பவர்களுக்கு

நிக்கொலாய் கோகலின் 'ரெவிசோர்' 1836-இல் முதன்முதலாக மேடையேறிய ஐந்து அங்க நகைச்சுவை நாடகம். நாடகப் பள்ளிகள் மாணவர்களை வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் நாடகங்களில் இதுவும் ஒன்று. மாணவர்கள் அதைத் தமிழில் போட்டு நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ கொண்டுவந்தால், பார்க்கிறவர்களுக்கு மூன்று குழப்பங்கள் வரும். 'போலி அதிகாரி கைது' என்று செய்தித்தாளில் படிக்கிற கதைதானே இது என்பது முதல் குழப்பம். நல்லவர் ஒருத்தர்கூட இல்லையே, யார் பக்கம் நின்று பார்ப்பது என்பது இரண்டாவது. கடைசியில் எல்லோரும் சிலை மாதிரி நிற்கிறார்களே, திரை சிக்கிக்கொண்டதா என்பது மூன்றாவது.

பயம் இந்த நாடகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் மூன்றும் தெளிந்துவிடும். அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

தலைப்பில் உள்ள சொல்

'ரெவிசோர்' என்றால் மேலிடத்திலிருந்து வந்து கணக்கையும் நிர்வாகத்தையும் சோதிக்கிற அதிகாரி. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடைப்பது கஷ்டம். 'இன்ஸ்பெக்டர்' என்றால் நம் மனசில் காக்கிச் சட்டை வந்து நிற்கிறது. 'தணிக்கையாளர்' என்றால் பாதிப் பேர் சினிமா சென்சாரை நினைப்பார்கள், மீதிப் பேர் ஆடிட்டரை நினைப்பார்கள். 'ஆய்வு அதிகாரி' ஓரளவு பொருந்தும். 'ஆட்சியர் திடீர் ஆய்வு' என்ற செய்தித் தலைப்பில் வருகிற அந்த 'ஆய்வு'தான் இது.

இன்னொரு விவரமும் உண்டு. நாடகத்தில் வரப்போவதாகச் சொல்லப்படும் அதிகாரி மாறுவேடத்தில், ரகசிய உத்தரவோடு வருகிறார். எப்போது வருவார், எப்படி இருப்பார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கதை முழுக்க இந்த 'தெரியாது' மேல்தான் நிற்கிறது.

கதை, சுருக்கமாக

ரஷ்யாவின் ஒரு சிறு நகரம். நகரத் தலைவர் அதிகாரிகளைக் கூப்பிட்டு, தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ரகசிய ஆய்வு வருகிறது என்கிறார். எல்லோருக்கும் மடியில் கனம் இருக்கிறது. நீதிபதி லஞ்சம் வாங்குகிறார், ஆனால் பணமாக இல்லை, வேட்டை நாய்க்குட்டிகளாக. நீதிமன்ற வளாகத்தில் வாத்து மேய்கிறது. அஞ்சல் அதிகாரி ஊர்க் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார், சுவாரசியத்துக்காக. தர்ம ஆஸ்பத்திரி மருத்துவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

அந்த நேரம் பார்த்து பாப்சின்ஸ்கி, தாப்சின்ஸ்கி என்ற இரண்டு வம்பளப்பாளர்கள் ஓடிவந்து, விடுதியில் ஓர் இளைஞன் தங்கியிருக்கிறான், அவன்தான் அதிகாரி என்கிறார்கள். அவன் பெயர் ஹ்லெஸ்தகோவ். சீட்டாட்டத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டு ஊருக்குப் போக வழியில்லாமல் கிடக்கிற சின்ன குமாஸ்தா. நகரம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறது. விருந்து, 'கடன்' என்ற பெயரில் லஞ்சம், கடைசியில் நகரத் தலைவரின் மகளோடு நிச்சயம் வரை போகிறது. அவன் கிளம்பிப் போன பிறகு, அவன் நண்பனுக்கு எழுதிய கடிதத்தை அஞ்சல் அதிகாரி வழக்கம்போல் பிரித்துவிடுகிறார். உண்மை வெளியாகிறது. உடனே ஒரு காவலர் வந்து, நிஜ அதிகாரி விடுதியில் இறங்கியிருக்கிறார், எல்லோரும் உடனே வரவேண்டும் என்று அறிவிக்கிறார். எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். அத்துடன் நாடகம் முடிகிறது.

பதினான்காம் படி

ரஷ்யாவில் பேரரசர் மகா பீட்டர் 1722-இல் கொண்டுவந்த பதவிப் படிநிலை அட்டவணை ஒன்று இருந்தது. அரசு ஊழியர்கள், படையினர், அரண்மனைப் பணியாளர்கள் எல்லோரும் 14 படிகளில் அடுக்கப்பட்டார்கள். எந்தப் படியில் இருக்கிறாய் என்பதைப் பொறுத்து உன்னை எப்படி விளிக்க வேண்டும், யார் முன் யார் எழுந்து நிற்க வேண்டும் எல்லாம் தீர்மானமாயின. ஹ்லெஸ்தகோவ் இருப்பது 14-ஆம் படியில். அதற்குக் கீழே படி கிடையாது. நம் ஊர்க் கணக்கில், வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளநிலை உதவியாளரைத் தலைமைச் செயலகத்தின் பெரிய ஐயா என்று ஒரு மாவட்டமே நம்பிய மாதிரி.

நகரத் தலைவர் ஓர் அதட்டல் போடும்போது "உன் படிக்கு மீறி வாங்குகிறாய்" என்ற பொருளில் ஒரு கான்ஸ்டபிளைத் திட்டுகிறார். வாங்குவது தப்பு என்பதில்லை. படிக்கு மேல் வாங்குவதுதான் தப்பு. இந்த ஒரு வசனத்தில் மொத்த நிர்வாகமும் தெரிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இது வெறும் வசவாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போலி அதிகாரி கதை இல்லை, ஏன்?

பத்திரிகையில் வரும் போலி அதிகாரி திட்டம் போட்டு வருகிறார். சிவப்பு விளக்கு வைத்த கார், போலி அடையாள அட்டை, லெட்டர்பேடு எல்லாம் தயார் செய்துகொண்டு வருகிறார். ஹ்லெஸ்தகோவிடம் இதில் ஒன்றுகூட இல்லை. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஒரு வாரத்துக்கு மேலாக விடுதியில் சாப்பிட்டும் அவன் காசு கொடுக்கவில்லை. வம்பளப்பாளர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். காசு கொடுக்காமல் தெம்பாக உட்கார்ந்திருக்கிறான் என்றால் வேறு யாராக இருக்க முடியும்? தாங்கள் சாப்பிடும்போது தட்டை எட்டிப் பார்த்தான் என்பது இரண்டாவது ஆதாரம். பசியில் பார்த்திருக்கிறான். ஆய்வு செய்கிறான் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

2. நகரத் தலைவர் விடுதிக்கு வருகிறார். கடன் பாக்கிக்காகத் தன்னைச் சிறைக்குக் கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்று ஹ்லெஸ்தகோவ் நடுங்குகிறான். நகரத் தலைவரோ தன் வேலை போகப்போகிறது என்று நடுங்குகிறார். இருவரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு பேசும் இந்த இரண்டாம் அங்கக் காட்சிதான் நாடகத்தின் உச்சம் என்பது என் கருத்து. கையில் காசில்லை என்று அவன் உண்மையைச் சொல்கிறான். இவர் அதை 'கொடு' என்று ஜாடை காட்டுவதாகப் புரிந்துகொண்டு பணத்தை நீட்டுகிறார். அவன் கேட்ட 200 ரூபிளுக்குப் பதில் 400-ஐ நைசாகத் திணித்து விடுகிறார்.

3. மூன்றாம் அங்கத்தில் மது உள்ளே போன பிறகுதான் அவன் பொய் சொல்லத் தொடங்குகிறான். பாரிஸிலிருந்து கப்பலில் பானையோடு வரும் சூப், 700 ரூபிள் தர்பூசணி, தன்னைத் தேடித் தெருவில் ஓடும் 35,000 தூதர்கள். இதில் எந்தத் திட்டமும் கிடையாது. எதிரே இருப்பவர்கள் வாய் பிளப்பதைப் பார்த்து அவன் வாயில் வருவதைச் சொல்கிறான். தானே நம்பவும் செய்கிறான்.

4. நான்காம் அங்கத்தில் அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து 'கடன்' கொடுக்கிறார்கள். நீதிபதி 300, அஞ்சல் அதிகாரி 300, பள்ளி மேற்பார்வையாளர் 300, தர்ம நிறுவனங்களின் பொறுப்பாளர் 400. வம்பளப்பாளர்கள் இருவரும் சேர்ந்து தேற்ற முடிந்தது 65. தன்னை யாரோ என்று நினைத்துவிட்டார்கள் என்பது அவனுக்கு அதன் பிறகுதான் மெல்ல உறைக்கிறது. அப்போதும் கிளம்பலாம் என்று வற்புறுத்துவது வேலைக்காரன் ஓசிப்தான். நாடகத்தில் நிதானமாக யோசிக்கிற ஒரே ஆள் அவன்.

ஆக, ஊரை ஏமாற்றியது ஊரின் பயம். ஹ்லெஸ்தகோவ் அந்தப் பயம் வந்து உட்கார்ந்த ஒரு காலி நாற்காலி. பொல்லாத வில்லனாகவோ, வடிவேலு பாணியில் கைப்புள்ளையாகவோ அவனை நடித்தால் நாடகம் சரிந்துவிடும். 1836-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகர் துயூர் அதை வழக்கமான கேளிக்கை நாடகப் பொய்யனாக ஆக்கிவிட்டார் என்று கோகலே வருந்தி எழுதினார். சிரிக்க வைக்க வேண்டும் என்று நடிகர் எவ்வளவு குறைவாக நினைக்கிறாரோ அவ்வளவு சிரிப்பு வரும் என்பது நடிகர்களுக்கு அவர் விட்டுச்சென்ற குறிப்பு.

இரண்டாவது குழப்பத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. நாடகத்தில் ஒரு நேர்மையான பாத்திரம் உண்டு, அது சிரிப்பு என்று கோகல் சொன்னார். பார்வையாளர் பக்கம் சேரக்கூடிய ஆள் மேடையில் கிடையாது. அவர் தன் சிரிப்போடு தனியாக இருக்க வேண்டியதுதான்.

பேரரசரே அனுமதித்த கேலி

கதைக் கரு கவிஞர் புஷ்கினிடமிருந்து வந்தது என்பது நிலைத்துவிட்ட மரபு. 1833-இல் பயணம் போன இடத்தில் புஷ்கினையே ரகசிய அதிகாரி என்று சந்தேகித்திருக்கிறார்கள். 1835 அக்டோபரில் கோகல் அவருக்குக் கடிதம் எழுதி, ஏதாவது கதை கொடுங்கள், ஐந்து அங்க நகைச்சுவை எழுதிவிடுகிறேன் என்று கேட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 19-ஆம் தேதி, பீட்டர்ஸ்பர்க் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் நாடகம் மேடையேறியது.

தணிக்கை கெடுபிடியான அந்தக் காலத்தில் இது எப்படி நடந்தது? அரண்மனைச் செல்வாக்குள்ள கவிஞர் ழுக்கோவ்ஸ்கி போன்றவர்கள் பேரரசர் முதலாம் நிக்கொலாயிடம் பேசினார்கள். அவரே முதல் காட்சிக்கு வந்தார். "எல்லோருக்கும் கிடைத்தது, எல்லோரையும்விட எனக்கு அதிகம்" என்று சொன்னதாகக் கதை. மேலிடத்து அதிகாரி வந்து கீழிடத்து ஊழலைப் பிடிக்கிறார் என்ற முடிவு பேரரசருக்கு உறுத்தாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரங்கில் இருந்த அதிகாரிகள் பலருக்கு உறுத்தியது. கோகல் அதே ஆண்டு நாட்டை விட்டுக் கிளம்பினார்.

பத்தாண்டு கழித்து அவரே நாடகத்துக்கு வேறு விளக்கம் கொடுத்தார்: அந்த நகரம் நம் ஆன்மா, கடைசியில் வருகிற அதிகாரி மனசாட்சி. மாஸ்கோவில் நகரத் தலைவராக நடித்த ஷ்செப்கின் இதை ஏற்கவே இல்லை. இவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள், என் காலத்துக்குப் பிறகு வேண்டுமானால் ஆடுகளாகக்கூட மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினார். நடிகர் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது.

மாணவர்களுக்கு ஏன் இந்த நாடகம்?

முக்கியக் காரணம் ஆள் கணக்கு. பெயருள்ள பாத்திரங்களே இருபதுக்கு மேல் இருக்கின்றன. சிறு பாத்திரம்கூட உருப்படியானது. தன் பெயரைச் சொல்லி, இந்த ஊரில் இப்படி ஒருத்தன் வாழ்கிறான் என்று பீட்டர்ஸ்பர்க்கில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்கும் பாப்சின்ஸ்கியின் காட்சி ஒன்று போதும், ஒரு மாணவரின் திறமை தெரிய. பாப்சின்ஸ்கி, தாப்சின்ஸ்கி என்ற இந்த இரட்டையர்களைக் குமரிப் பார்வையாளர்களுக்கு விளக்கவே வேண்டாம். தோல்பாவைக்கூத்தில் கோமாளி ஜோடியாக வரும் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்தவர்கள் இவர்களை வந்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அப்புறம், பெண் பாத்திரங்கள் குறைவு என்பது ஒரு சிக்கல். மனைவி, மகள், பூட்டுக்காரர் மனைவி, சார்ஜெண்டின் விதவை, சில விருந்தாளிகள், அவ்வளவுதான். இன்றைய வகுப்பில் பெண்கள் கணிசமாக இருப்பார்கள். அதிகாரிகளில் சிலரைப் பெண்களாக மாற்றுவது சுலபம், கதைக்குக் கேடும் இல்லை. கோகலே நெஷின் நகரப் பள்ளியில் படிக்கும்போது ரஷ்ய நாடகாசிரியர் ஃபோன்விசினின் நாடகம் ஒன்றில் புரஸ்தகோவா என்ற அம்மாள் வேடம் கட்டியவர். சிறுவர்களே பெண் வேடமும் கட்டிய பாய்ஸ் கம்பெனி மரபில் வளர்ந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நாடகக் கம்பெனி மேடையில் பழகிய பிறகுதான் சினிமாவுக்குப் போனார்.

குமரித் தமிழில் போட்டால்

இயக்குநருக்கு முதலில் வருகிற ஆசை, கதையை இன்றைய நாகர்கோவிலுக்குக் கொண்டுவருவது. விருந்தினர் வரும் முன் சாலையோரம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவதும், பள்ளிக்கு ஆய்வு வரும் நாளில் 'தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை தூக்குங்கள்' என்பதும் நாம் அறியாததா? கோகலின் நகரத் தலைவரும் நோயாளிகளுக்குச் சுத்தமான குல்லாய் மாட்டச் சொல்கிறார். பழைய வேலியை இடித்துப் போடச் சொல்கிறார், இடிப்பு எவ்வளவு நடக்கிறதோ அவ்வளவு வேலை நடப்பதாகத் தெரியும் என்று. பிறகு அந்த வேலி ஓரம் 40 வண்டி குப்பை கிடப்பது நினைவுக்கு வருகிறது. இவை எந்த மாற்றமும் இல்லாமல் இங்கே ஒட்டும்.

ஒட்டாத இடங்கள் இரண்டு.

1. தூரம். இங்கிருந்து மூன்று வருஷம் குதிரையில் பாய்ந்தாலும் எந்த நாட்டு எல்லையும் வராது என்கிறார் நகரத் தலைவர். நமக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளம். தினமும் ஆயிரம் பேர் வந்து போகிற எல்லை மாவட்டத்தில் ஒரு புது முகம் யார் கண்ணிலும் படாது.

2. செல்போன். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு 'இவர் யார்?' என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. இரண்டு நாள் பயம் நீடிக்க, செய்தி மெதுவாகப் போகிற உலகம் தேவை.

இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் திருவிதாங்கூர்க் காலம் நன்றாகப் பொருந்தும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி. கோகல் நாடகம் போட்ட 1836-இல் இங்கே மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சி. பீட்டர்ஸ்பர்க் இருந்த இடத்தில் திருவனந்தபுரம், ரெவிசோருக்குப் பேஷ்கார் என்ற சமஸ்தான உயர் அதிகாரி, அலுவலகத்துக்குக் கச்சேரி. அஞ்சல் அதிகாரியைத் தேடவே வேண்டாம். சமஸ்தானத்துக்குச் சொந்தமாக 'அஞ்சல்' என்ற பெயரிலேயே தபால் துறை இருந்தது. ஊழல் அமைச்சர்களுக்கு எதிராக 1799-இல் மக்களைத் திரட்டி, பின்னர் தளவாயும் (சமஸ்தானத்தின் முதன்மை அமைச்சர்) ஆன தலக்குளத்து வேலுத்தம்பியின் கண்டிப்பைப் பற்றிய கதைகள் இங்கே இன்னும் பேச்சில் இருக்கின்றன. மேலிடத்து ஆள் வந்தால் என்ன ஆகும் என்ற நடுக்கத்தை யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காலத்தை எடுத்தால் சாதியும் கூடவே வரும். கோகலின் நாடகத்தில் வணிகர்களும் பூட்டுக்காரர் மனைவியும் மனுவோடு அதிகாரி முன் நேரில் நிற்கிறார்கள். பழைய திருவிதாங்கூரில் யார் யார் முன் எத்தனை அடி தள்ளி நிற்கலாம் என்பதற்கே விதி இருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் வேட்டியும் தலைப்பாகையும் மட்டும் கட்டிவிட்டால் அது வேடப் போட்டியாகத்தான் இருக்கும். இந்தக் கேள்வியைச் சந்திக்கத் தயாரில்லை என்றால் ரஷ்யப் பெயர்களோடு ரஷ்யாவிலேயே விட்டுவிடுவது மேல்.

எங்கே வைத்தாலும் பேச்சு மட்டும் இந்த மண்ணின் பேச்சாக இருக்கலாம். நகரத் தலைவர் தன் ஆட்களிடம் "லேய் மக்கா, எனக்க தலைக்கு வந்திருக்கு பாத்துக்க" என்று பேசிவிட்டு, ஹ்லெஸ்தகோவைப் பார்த்ததும் "தாங்கள் இவ்விடம் எழுந்தருளியது எங்கள் பாக்கியம்" என்று மேடைத் தமிழுக்குத் தாவ வேண்டும். பயம் நாக்கில் தெரியும். ஆத்திரத்தில் அவர் மறுபடி 'எனக்க'வுக்கு இறங்குகிற இடங்களை எழுதிக் குறித்துக்கொண்டே ஒத்திகை பார்க்கலாம்.

பெயர்களில் உள்ள கேலியைக் காப்பாற்ற முடியாது. நீதிபதியின் லியாப்கின்-தியாப்கின் என்ற பெயர் ரஷ்யக் காதில் 'ஏனோதானோ' என்று விழும். அடிக்கிற கான்ஸ்டபிள் தெர்ழிமோர்தாவின் பெயர் 'மூஞ்சியைப் பிடி' என்பது போல. இதையெல்லாம் தமிழ்ப்படுத்தினால் பெயர்கள் சிறுவர் கதைப் பெயர்கள் ஆகிவிடும், விட்டுவிடலாம்.

உரிமையும் அனுமதியும்

கோகல் 1852-இல் இறந்துவிட்டார், மூலத்துக்குக் காப்புரிமை இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புக்கு உண்டு: மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை. அச்சில் கிடைக்கும் தமிழ்ப் பிரதியை எடுத்து ஆடினால் அனுமதி கேட்க வேண்டும்.

தணிக்கை விஷயம் வேறு. நாடகங்களைக் கட்டுப்படுத்த ஆங்கிலேயர் 1876-இல் சட்டம் போட்டார்கள். சென்னை மாநிலம் 1954-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது கன்னியாகுமரி அந்த மாநிலத்திலேயே இல்லை. அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்றது.

ஒன்றரை நிமிடம்

இப்போது மூன்றாவது குழப்பம். நாடகத்தின் கடைசியில் வசனம் இல்லாத காட்சி ஒன்றை கோகல் தனியே எழுதியிருக்கிறார். யார் எப்படி நிற்க வேண்டும் என்பது வரை குறிப்பு உண்டு: நகரத் தலைவர் நடுவில் கைகளை விரித்துத் தலையைப் பின்னால் சாய்த்துத் தூண் போல, அஞ்சல் அதிகாரி பார்வையாளர்களை நோக்கிய கேள்விக்குறி போல, நீதிபதி ஏறக்குறைய தரையில் குந்தியபடி, விசிலடிக்கப் போகிறவர் மாதிரி உதட்டைக் குவித்து, இரட்டையர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாயப்போகும் நிலையில் வாயைப் பிளந்து. இப்படியே சுமார் ஒன்றரை நிமிடம். பிறகு திரை.

பயம் முழு வட்டம் அடித்துவிட்டது. முதல் காட்சியில் கேட்ட அதே செய்தி மறுபடி வருகிறது, ஆனால் இந்த முறை ஓடவோ, வேலியை இடிக்கவோ, பணம் திணிக்கவோ தெம்பில்லை. வசனமாகச் சொன்னால் இது வெறும் தண்டனை ஆகிவிடும்.

1836-இல் நடந்த முதல் மேடையேற்றத்திலேயே இது சரியாக வரவில்லை. திரை ஏதோ குழப்பமான நேரத்தில் விழுந்து, நாடகம் முடியாதது போல் ஆகிவிட்டது என்று கோகல் எழுதினார். ஆக, நம் பார்வையாளர்களின் குழப்பத்துக்கு வயது 190-ஐ நெருங்குகிறது. 1926-இல் இயக்குநர் மேயர்ஹோல்த் மாஸ்கோவில் போட்டபோது நடிகர்களை அகற்றிவிட்டு அவர்களைப் போலவே செய்த பொம்மைகளை நிறுத்தினார். உயிருள்ளவர்கள் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பது சிரமம் என்று அனுபவப்பட்டவர்களுக்கு அதில் ஒரு நடைமுறை நியாயமும் தெரியும்.

மாணவர்களிடம் பொம்மை செய்யக் காசு இருக்காது. நின்றுதான் ஆக வேண்டும். முதல் இருபது நொடி பார்வையாளர்கள் சிரிப்பார்கள். அடுத்து கைதட்டல் வரும், முடிந்துவிட்டது என்று நினைத்து. அது ஓய்ந்த பிறகு ஒரு சங்கடமான அமைதி வரும், சிலர் செருப்பைத் தேடுவார்கள், யாராவது ஒருவர் மேடையை மறுபடி நிமிர்ந்து பார்ப்பார். கோகல் கேட்டது அந்த நேரத்தை. கைதட்டலைக் கேட்டதும் திரையை இழுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நடிகர்களுக்கு ஒத்திகை பார்ப்பதோடு, திரைக் கயிற்றைப் பிடித்திருக்கும் பையனிடமும் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, தொண்ணூறு எண்ணும்வரை கையை எடுக்காதே என்று சொல்லிவைக்க வேண்டும்.